அவசரம் யாருக்கு?

2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் வாடிக்கையாளர்கள் பலருடைய கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. கணக்கில் ஏதோ கோளாறு, இந்த இணைப்பை அழுத்திச் சரிசெய்யுங்கள் என்றது. இந்த வகைச் செய்தி சிங்கப்பூருக்குப் புதிதல்ல. ஆனால் இது அறியாத எண்ணிலிருந்து தனியாக வந்து நிற்கவில்லை. வங்கி அதற்கு முன் அனுப்பிய ஓடிபி எண்களும் பணம் எடுத்த அறிவிப்புகளும் இருந்த அதே வரிசையில், அவற்றுக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்தது. மேலே இருந்த அத்தனையும் உண்மை, கீழே வந்தது மட்டும் பொய். பார்த்தவர் வேறுபாடு கண்டுபிடிக்க அங்கே ஒன்றுமே இல்லை.

கிட்டத்தட்ட 790 பேர் சேர்ந்து 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தார்கள். கல்யாணத்துக்குச் சேர்த்ததை, ஆயுள் முழுக்கச் சேமித்ததைச் சில நிமிடங்களில் பறிகொடுத்தவர்கள் அவர்களில் உண்டு. செய்தி வெளியானதும் பலர் சொன்னது ஒன்றுதான்: "இதைக்கூடவா நம்புவாங்க?" அந்தக் கேள்வி நியாயமில்லை என்பதற்குக் குறுஞ்செய்தி வேலை செய்யும் விதமே சாட்சி.

1992 டிசம்பரில் பிரிட்டனில் முதல் குறுஞ்செய்தி ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்தாகப் போனது. அந்தத் தொழில்நுட்பத்தை வடிவமைத்தவர்கள், தொலைபேசி நிறுவனங்கள் ஒன்றையொன்று நம்பலாம் என்ற எண்ணத்தில் வடிவமைத்தார்கள். அனுப்புநர் என்ற இடத்தில் எண்ணுக்குப் பதிலாகப் 11 எழுத்து வரை ஒரு பெயரையும் போடலாம். அந்தப் பெயரை நிரப்புவது அனுப்புகிறவர். அவர் உண்மையில் அந்தப் பெயருக்கு உரியவர்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் கிடையாது. மொத்தமாகச் செய்தி அனுப்பித் தரும் வெளிநாட்டு இடைத்தரகர் ஒருவரைப் பிடித்தால், அப்போது எந்த வங்கியின் பெயரையும் அந்த இடத்தில் எழுத முடிந்தது. மிச்ச வேலையைக் கைப்பேசியே செய்துவிடுகிறது. ஒரே பெயரில் வருவதை எல்லாம் ஒரே வரிசையில் அடுக்குவது அதன் வழக்கம். ஆக, போலிச் செய்தியைக் கொண்டுபோய் உண்மைச் செய்திகளுக்கு நடுவே வைத்தது ஏமாந்தவருடைய சொந்தக் கைப்பேசிதான்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். இணைப்பை அழுத்தினால் வங்கியின் பக்கம் போலவே ஒரு பக்கம். அதில் ஒருவர் பயனர் பெயரையும் ரகசிய எண்ணையும் தட்டும்போதே மறுமுனையில் அவை உண்மையான வங்கித் தளத்தில் தட்டப்படுகின்றன. உண்மையான வங்கி உண்மையான ஓடிபியை அனுப்புகிறது. அது வந்து சேர்வதும் அதே வரிசையில். அதையும் அவர் போலிப் பக்கத்தில் தட்டுகிறார். அதைக் கொண்டு திருடர் தம்முடைய கைப்பேசியில் வங்கியின் மின் அடையாளக் குறியை நிறுவிக்கொள்கிறார். அந்தக் கணத்திலிருந்து வங்கியைப் பொறுத்தவரை கணக்குக்காரர் அந்தத் திருடரே. இனி ஒப்புதல் கேட்கும் அறிவிப்பெல்லாம் அவருக்குத்தான் போகும். உச்சவரம்பை உயர்த்துகிறார், புதிய பெறுநரைச் சேர்க்கிறார், பணத்தை அனுப்புகிறார். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்கும் அங்கிருந்து இன்னொன்றுக்கும் போய்விடுகிறது. உரியவர் வங்கியைத் தொலைபேசியில் பிடிப்பதற்குள் கதை முடிந்துவிடும்.

இவ்வளவு வேகத்தில் பணம் ஓடுவதற்குச் சிங்கப்பூர் ஏறத்தாழப் பத்தாண்டுகளாகப் பாடுபட்டுவந்தது. வங்கிக்கு வங்கி உடனடியாகப் பணம் போகும் ஃபாஸ்ட் 2014-இல் வந்தது. கைப்பேசி எண் தெரிந்தால் போதும் என்ற பேநவ் 2017-இல் வந்தது. 2023 பிப்ரவரியில் பேநவ் இந்தியாவின் யூபிஐயோடு இணைந்தது. சிராங்கூன் ரோட்டில் பணம் அனுப்பும் கடை வாசலில் வரிசையில் நின்றவர், தங்கும் விடுதிக் கட்டிலில் படுத்தபடியே புதுக்கோட்டைக்குப் பணம் அனுப்ப முடிந்தது. நல்ல வசதி, மறுக்கவில்லை. ஆனால் 2022 தொடங்கி இதே நாடு இதே பணத்துக்கு முன்னால் வேகத்தடைகளைப் போட்டுக்கொண்டே வருகிறது. மோசடியைப் பற்றி நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பொருள் பொதிந்ததாகத் தோன்றியது இந்தத் திருப்பம்தான். மோசடிக்காரரின் மூலதனம் பொய் என்று நினைக்கிறோம். பொய் எங்கும் மலிவாகக் கிடைக்கும். அவருக்கு உண்மையில் வேண்டியது, யோசிக்க இடம் தராத அவசரம்.

2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிச் சங்கமும் அறிவித்த நடவடிக்கைகளில் முதல் தடை இருந்தது. புதிய கைப்பேசியில் மின் அடையாளக் குறியை நிறுவினால் குறைந்தது 12 மணி நேரத்துக்கு அது செயல்படாது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதில் ஒன்றுமில்லை, வெறும் காத்திருப்பு. ஆனால் அந்த 12 மணி நேரத்தில் உரியவர் தூங்கி எழுவார், அறிவிப்பைப் பார்ப்பார், மகளிடம் கேட்பார். கூடவே, வங்கிகள் தனிப்பட்ட வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் அழுத்தக்கூடிய இணைப்பே இருக்கக் கூடாது என்றாயிற்று. 2023 ஜனவரி இறுதியிலிருந்து, அனுப்புநர் பெயரைப் பதிவு செய்யாத நிறுவனங்களின் செய்திகள் "மோசடியாக இருக்கலாம்" என்ற முத்திரையோடுதான் வந்து சேரும். 2024 ஜூலையிலிருந்து அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்திகள் பெரும்பாலும் கவ் டாட் எஸ்ஜி என்ற ஒரே பெயரில் வருகின்றன. ஓசிபிசி, பாதிக்கப்பட்ட எல்லாருக்கும் நல்லெண்ண அடிப்படையில் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தது. அந்த வங்கி கூடுதலாக ஏறத்தாழ 330 மில்லியன் வெள்ளி மூலதனத்தை ஒதுக்கி வைக்கவேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது.

இணைப்பு எதையும் அழுத்தும் முன் பயன்படும் ஒரு சின்ன உத்தியை இங்கே சொல்லிவிடுகிறேன். இணைய முகவரியைப் பலர் இடமிருந்து வலமாகப் படிக்கிறார்கள், ஏமாற்றுகிறவருக்கு அதுவே வசதி. முகவரித் தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடுங்கள். அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள். புள்ளிகளால் பிரிந்த துண்டுகளில் முதலில் எதிர்ப்படும் இரண்டு மூன்றுதான் தளத்தின் உரிமையாளர் யார் என்று சொல்பவை. அவற்றுக்கும் முன்னால் வங்கி பெயரோ அமைச்சின் பெயரோ எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது அலங்காரம். பூட்டுச் சின்னத்தை நம்பவேண்டாம். இடையில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டுமே அது சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்வதில்லை.

தடை போட்ட இடத்தில் மோசடிக்காரர்கள் நிற்கவில்லை. கைப்பேசியை ஏமாற்ற முடியாவிட்டால் கைப்பேசிக்குள்ளேயே குடியேறுவோம் என்று கிளம்பினார்கள். 2023-இல் ஃபேஸ்புக்கில் வீட்டுத் துப்புரவு, மலிவு விலைக் கடல் உணவு, டுரியான் சுற்றுலா என்று விளம்பரங்கள் வந்தன. விசாரித்தால், முன்பதிவு செய்ய இந்தச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு வரும். அந்த ஆண்டு பத்திரிகையில் வந்த ஒரு நிகழ்ச்சி: பபிள் டீ கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த கியூஆர் குறியை ஒரு 60 வயதுப் பெண் வருடினார். கருத்தாய்வை நிரப்பினால் ஒரு கோப்பை இலவசம் என்றிருந்தது. செயலியை இறக்கினார், நிரப்பினார். அன்றிரவு அவர் தூங்கும்போது கணக்கிலிருந்து 20,000 வெள்ளி போனது. கடைக்கும் அந்தக் குறிக்கும் சம்பந்தமில்லை. கடைக் கதவின் நம்பகத்தன்மையை யாரோ ஒட்டுத்தாளில் இரவல் வாங்கியிருந்தார்கள், வங்கியின் செய்தி வரிசையை இரவல் வாங்கியதைப் போலவே.

அந்தச் செயலிகள் கேட்ட அனுமதிதான் கவனிக்கவேண்டியது. ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மைச் சேவை என்று ஒன்று உண்டு. கண் தெரியாதவர்களுக்காகத் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டவும், கை நடுங்குகிறவர்களுக்காகப் பொத்தானை அழுத்தித் தரவும் ஏற்பட்டது. அந்த அனுமதியைப் பெற்ற செயலி திரையைப் படிக்கும், தட்டுவதைக் குறித்துக்கொள்ளும், உரிமையாளர் இல்லாத நேரத்தில் தானே அழுத்தும். ஓடிபி வந்தால் அதையும் படித்துவிடும். வேலை முடிந்ததும் கைப்பேசியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பித் தடயத்தை அழித்த சம்பவங்களும் உண்டு. 2023-இல் மட்டும் இந்த வகையில் 1,899 வழக்குகள், குறைந்தது 34.1 மில்லியன் வெள்ளி இழப்பு என்றது காவல்துறை.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஓசிபிசி, அதிகாரபூர்வக் கடைக்கு வெளியிலிருந்து வந்த ஆபத்தான செயலி கைப்பேசியில் இருந்தால் வங்கிச் செயலியே திறக்காதபடி செய்தது. என் கைப்பேசியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வங்கி யார் என்று பலர் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் மற்ற பெரிய வங்கிகள் பின்தொடர்ந்தன. 2024 பிப்ரவரியில் கூகல், சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து, குறுஞ்செய்தியைப் படிக்கவும் அணுகல்தன்மையைப் பயன்படுத்தவும் கேட்கும் வெளிச் செயலிகளைத் தடுக்கும் முயற்சியை உலகிலேயே முதலில் இங்கேதான் தொடங்கியது.

இதுவரை சொன்னதெல்லாம் இயந்திரக் கதை. இனி வருவதுதான் கடினமானது. 2024-இல் சிங்கப்பூரில் பதிவான மோசடி வழக்குகள் 51,501. இழப்பு குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. அந்த வழக்குகளில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவற்றில் பணத்தை அனுப்பியது பாதிக்கப்பட்டவரே. யாரும் கணக்கை உடைக்கவில்லை. தன் விரலால், தன் முகத்தைக் காட்டி, தானே அனுப்பினார். ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் 50 வயதுக்குக் குறைந்தவர்கள். சராசரி இழப்பு அதிகம் இருந்தது முதியோரிடம் என்பது வேறு கதை. "வயசானவங்க, கம்ப்யூட்டர் தெரியாதவங்க" என்ற நம் சமாதானம் இங்கே உதவாது.

அதிகாரி வேடம் போடும் மோசடியை எடுத்துக்கொள்வோம். 2024-இல் இதில் மட்டும் 151.3 மில்லியன் வெள்ளி போனது. முதல் அழைப்பு வங்கி ஊழியர் என்று சொல்லிக்கொள்பவரிடமிருந்து: "நீங்கள் கடன் அட்டைக்கு விண்ணப்பித்தீர்களா?" இல்லை என்கிறீர்கள். உண்மையும் அதுதான். இந்த இடத்தில்தான் நுட்பம் இருக்கிறது. நீங்கள் உண்மை சொல்லியாயிற்று, அவர் உங்களை நம்பியும் விட்டார், இனி அவர் உங்கள் பக்கம். யாரோ உங்கள் பெயரைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அதிகாரியோடு இணைக்கிறேன் என்கிறார். அடுத்து காணொளியில் சீருடை, அடையாள அட்டை, முத்திரையிட்ட கடிதம். நீங்கள் பணமோசடியில் சந்தேகத்துக்குரியவர், விசாரணை முடியும்வரை பணத்தைப் "பாதுகாப்பான கணக்குக்கு" மாற்றுங்கள், யாரிடமும் சொல்லக் கூடாது, சில மணிக்கு ஒருமுறை எங்களிடம் ஆஜர் சொல்லுங்கள். இந்தியாவில் இதற்கு டிஜிட்டல் அரெஸ்ட் என்று பெயர். அப்படி ஒரு கைதே சட்டத்தில் கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமர் மோடி வானொலியில் சொல்லவேண்டி வந்தது.

இந்த நாடகத்தில் மூளைக்கு என்ன நடக்கிறது? நிறுத்தி நிதானித்து யோசிக்கிற வேலையை நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணி செய்கிறது. கடுமையான, நம் கட்டுப்பாட்டில் இல்லாத பதற்றம் வந்தால் நார்அட்ரினலின், டோபமைன் ஆகியவை அங்கே அளவுக்கு மீறிச் சுரந்து, நரம்பணுக்களுக்கு இடையே உள்ள தொடர்பைத் தற்காலிகமாகத் தளர்த்திவிடுகின்றன. யேல் பல்கலைக்கழக நரம்பியலாளர் ஏமி ஆர்ன்ஸ்டன் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவருவது இதைத்தான். அப்போது பழகிப்போன எதிர்வினைகள் ஆட்சிக்கு வருகின்றன. அதிகாரி கேட்டால் கீழ்ப்படி என்பது நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே ஊறிய எதிர்வினை. படிப்பும் பதவியும் இதற்கு மருந்தல்ல. கணக்காளர், ஆசிரியர், மருத்துவர் எவராயினும் அந்தப் புறணி ஒன்றுதான். பதற்றம் இறங்கிய பிறகு, "எனக்கே நம்ப முடியவில்லை" என்று அவர்கள் சொல்வது நடிப்பல்ல.

வேலை தருவதாகச் சொல்லும் மோசடி இதற்கு நேர் எதிர்த் திசையில் வரும், அச்சமே இருக்காது. ஒரு ஓட்டலுக்கு நட்சத்திரக் குறியிடுங்கள், ஐந்து வெள்ளி. உண்மையாகவே ஐந்து வெள்ளி கணக்கில் விழும். மறுநாள் 20. பிறகு பெரிய வேலைக்கு நீங்கள் 100 வெள்ளி முன்பணம் கட்டவேண்டும், திரும்பி 130 வரும். அதுவும் வரும். சின்னச் சம்மதம் பெரிய சம்மதத்துக்கு இட்டுச்செல்லும் என்பது பழைய கண்டுபிடிப்பு. 1966-இல் ஜொனதன் ஃப்ரீட்மன், ஸ்காட் ஃப்ரேசர் என்ற இரு உளவியலாளர்கள் கலிஃபோர்னியாவில் வீடு வீடாகச் சென்று ஒரு சோதனை செய்தார்கள். சாலைப் பாதுகாப்பைப் பற்றிய சிறு அட்டையை ஒட்டச் சம்மதித்தவர்கள், பின்னர் முற்றத்தில் அழகற்ற பெரிய பலகை வைக்கவும் பெருவாரியாகச் சம்மதித்தார்கள். முதலிலேயே பெரிய பலகையைக் கேட்டபோது ஒத்துக்கொண்டவர்கள் சிலரே. முதல் ஐந்து வெள்ளிதான் அந்தச் சிறு அட்டை.

மொழிப்பிழையைப் பார்த்து மோசடியைக் கண்டுபிடிக்கலாம் என்று இன்னும் அறிவுரை சொல்கிறார்கள். அந்த அறிவுரைக்கு வயதாகிவிட்டது. 2012-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மக் ஹெர்லி ஒரு சுவையான வாதத்தை வைத்தார்: நைஜீரிய இளவரசர் மின்னஞ்சல்கள் அபத்தமாக இருப்பது வேண்டுமென்றே. சந்தேகப்படுகிறவர்கள் முதல் வரியிலேயே விலகிவிடுவார்கள், மிஞ்சுகிறவர்களிடம் மட்டும் நேரத்தைச் செலவிடலாம். மனித உழைப்புக்கு விலை இருந்த காலக் கணக்கு அது. இப்போது நூறு பேரோடு ஒரே நேரத்தில் உரையாட இயந்திரம் கிடைத்துவிட்டது, வடிகட்டவேண்டிய அவசியம் போய்விட்டது. தமிழ் மோசடிச் செய்தியை அதன் கொச்சை மொழிபெயர்ப்பே நெடுங்காலம் காட்டிக்கொடுத்தது. இனி நல்ல தமிழிலேயே வரும். முகமும் குரலும்கூட அப்படித்தான். 2023 டிசம்பரில், அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் மின்னாணய முதலீட்டைப் பரிந்துரைப்பதுபோல் ஒரு போலிக் காணொளி உலவ, அது தாம் அல்ல என்று அவரே சொல்லவேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நின்று பார்த்தால் இந்தத் தொழிலின் இன்னொரு பாதி புரியும். பஃபலோ ரோட்டிலும் கேம்பல் லேனிலும் முஸ்தஃபா கடையைச் சுற்றியும் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஊழியர்கள். அவர்களில் சிலருக்கு ஊருக்குப் போகும் நாள் நெருங்கியிருக்கும், கையில் இனிமேல் தேவைப்படாத ஒரு வங்கிக் கணக்கும் சிம் அட்டையும் இருக்கும். "அண்ணே, சும்மாதானே கிடக்கு, குடுத்துட்டுப் போங்க, சில நூறு வெள்ளி தர்றேன்" என்று ஊர்க்காரரைப் போலவே பேச ஒருவர் வருவார். மோசடியில் வரும் பணம் ஏதாவது ஒரு கணக்கில் விழுந்தாகவேண்டும். அந்தக் கணக்கு இல்லையேல் எவ்வளவு அழகாகப் பொய் சொல்லியும் பயனில்லை. 2011-இல் கலிஃபோர்னியா சான் டியேகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வுக் குழு ஒன்று, வேண்டாத விளம்பர மின்னஞ்சல் வணிகத்தை அடி முதல் முடி வரை தொடர்ந்து பார்த்தது. அவ்வளவு பெரிய வலையின் வருமானம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வங்கிகள் வழியாகவே வந்துகொண்டிருந்தது. கழுத்தைப் பிடிக்கவேண்டிய இடம் அதுதான் என்றது ஆய்வு.

சிங்கப்பூர்ச் சட்டம் அந்தக் கழுத்தைத்தான் பிடிக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து, குற்றத்துக்குப் பயன்படக்கூடும் என்று எண்ண இடமிருந்தும் தேசிய மின் அடையாளமான சிங்பாஸின் விவரத்தைப் பிறருக்குக் கொடுத்தால் மூன்றாண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம். 2025 தொடக்கத்திலிருந்து சிம் அட்டையைக் கைமாற்றுவதும் குற்றம். அவ்வாண்டு நவம்பரில் நாடாளுமன்றம் மோசடிக்காரர்களுக்குக் குறைந்தது ஆறு பிரம்படியைக் கட்டாயமாக்கியது. கணக்கு கொடுத்து உதவுகிறவர்களுக்கும் 12 அடி வரை விதிக்கலாம். "எனக்குத் தெரியாது சார், கணக்கை மட்டும்தான் குடுத்தேன்" என்ற பதில் முன்புபோல் செல்லாது. சில நூறு வெள்ளிக்குக் கணக்கை விற்றவருக்கு, ஊரில் வீட்டுக்கடன் பாதியில் நிற்க, வேலை அனுமதியும் போகும்.

ஊழியர்களைக் குறிவைக்கும் இன்னொன்று போலி ஐபிஏ, அதாவது வேலை அனுமதிக்கான கொள்கையளவு ஒப்புதல் கடிதம். ஊரில் இருப்பவருக்கு மனிதவள அமைச்சின் சின்னத்தோடு ஒரு கடிதம் வரும், லட்சங்கள் கைமாறும், கடிதத்தில் உள்ள நிறுவனமோ அவரை அறியாது. விண்ணப்பத்தின் நிலையை அமைச்சின் இணையத்தளத்திலேயே சரிபார்க்கலாம். இங்கே வந்தபின் வேலை அனுமதி செல்லுபடியாகிறதா என்று பார்க்க எஸ்ஜிவொர்க்பாஸ் செயலி இருக்கிறது. இதைவிடக் கொடியதும் நடந்தது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் 2022-இல் மியான்மரின் மியாவடிப் பக்கத்து முகாம்களில் அடைபட்டு, பிறரை ஏமாற்றும் வேலை செய்யும்படி வதைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு குழு அவ்வாண்டு அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தது. மியான்மரில் 120,000 பேர், கம்போடியாவில் 100,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று 2023-இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் மதிப்பிட்டது. மறுமுனையில் இனிக்கப் பேசுகிறவரே துப்பாக்கி முனையில் பேசக்கூடும்.

மீண்டும் வேகத்தடைகளுக்கு வருவோம். 2023 இறுதியில் டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி ஆகிய மூன்று வங்கிகளும், சேமிப்பில் ஒரு பகுதியை இணையத்தின் வழி யாரும், கணக்குக்காரரேகூட, நகர்த்த முடியாதபடி பூட்டிவைக்கும் வசதியைக் கொண்டுவந்தன. 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த சட்டப்படி, ஏமாறுவதாகத் தெரிந்தும் சொன்னால் கேட்காத ஒருவருடைய பணமாற்றத்தைக் காவல்துறை 30 நாள் நிறுத்திவைக்கலாம், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். அன்றாடச் செலவுக்குப் பணம் எடுக்க வழி உண்டு. ஒருவர் தன் சொந்தப் பணத்தைத் தொடுவதை அரசு தடுப்பதா என்ற கேள்வி நாடாளுமன்றத்திலேயே எழுந்தது. கேள்வி சரியானதே. ஆனால் மேலே சொன்ன முன்மூளைப் புறணியை நினைத்தால், நான் சட்டத்தின் பக்கம்தான் சாய்கிறேன். அந்த நேரத்தில் அவருடைய பணத்தை ஆள்வது அவர் அல்லர். 2025 அக்டோபரிலிருந்து, 50,000 வெள்ளிக்குக் குறையாத கணக்கில் பாதிக்கு மேல் 24 மணி நேரத்துக்குள் வெளியேறப் பார்த்தால் பெரிய வங்கிகள் பரிமாற்றத்தை ஒரு நாள் நிறுத்திவைக்கின்றன அல்லது மறுக்கின்றன. வீட்டுக்கு முன்பணம் கட்டும் நாளில் எரிச்சலாகத்தான் இருக்கும்.

இந்தத் தடைகள் எதுவும் இல்லாத சாலை ஒன்று இருக்கிறது. மின்னாணயப் பரிமாற்றத்தில் நிறுத்திவைக்க வங்கி இல்லை, போனதைத் திரும்பக் கேட்க ஆள் இல்லை. 2024-இன் மொத்த இழப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அந்த வழியாகவே போனது. ஒரே ஒருவர் 125 மில்லியன் வெள்ளி இழந்ததும் அதில்தான். இன்னொரு பக்கம், வங்கிகள் மெதுவாகிவிட்டதால் ரொக்கத்தையும் தங்கத்தையும் கையில் வாங்கிப்போக ஆள் அனுப்புகிறார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், பைக்குள் நகையோடு காத்திருந்து முன்பின் தெரியாதவரிடம் ஒப்படைத்தவர்களைப் பற்றிக் காவல்துறை 2025-இல் பலமுறை எச்சரித்தது. ஆகவே இதை நினைவில் வையுங்கள்: எந்தச் சிங்கப்பூர் அதிகாரியும் தொலைபேசியில் பணம் மாற்றச் சொல்வதில்லை, வங்கி விவரம் கேட்பதில்லை, வெளிச் செயலியை இறக்கச் சொல்வதில்லை, அழைப்பைக் காவல்துறைக்கு இணைத்துத் தருவதுமில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு முன்னால் 2020-இலிருந்து கூட்டல் குறி தெரியும். உள்ளூர் அலுவலகம் என்று சொல்பவரின் எண்ணுக்கு முன் அது இருந்தால் அழைப்பைத் துண்டியுங்கள். சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799-ஐ அழையுங்கள். நள்ளிரவிலும் எடுப்பார்கள்.